வட்டக்கச்சி வீட்டில் மூங்கில் தரை விரித்த கதை

ஐப்பசியில் வாடைக்காற்றுத் திரும்பிய நாள் முதல் தை நடுப்பகுதி வரை, கிளிநொச்சி வட்டக்கச்சியில் உள்ள எங்கள் வீட்டின் சீமெந்துத் தரை ஈரலிப்பாகவே இருக்கும். 2013ஆம் ஆண்டு இந்திய அரசின் உதவியில் நடந்த வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு அது. நிலத்தில் கிறவலையும் மண்ணையும் நிரப்பி, அதன்மேல் கொங்கிறீற் இட்டுச் சீமெந்தால் மெழுகியபோது, இடையில் ஒரு பொலித்தீன் விரிப்பைப் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆளிருக்கவில்லை. பத்து ஆண்டுகளாக மாரி தவறாமல் நிலத்தின் ஈரம் மேலே ஊறியது. அம்மாவுக்கு முழங்கால் வாதம் கடுமையான பிறகு, விடியற்காலையில் அந்தக் குளிர்ந்த தரையில் கால் வைக்க முடியாமல் அவர் கட்டில் விளிம்பிலேயே நெடுநேரம் இருப்பதைப் பார்த்தபோதுதான் தரையை மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஊரில் மாபிள் என்று அழைக்கப்படும் தரை ஓடுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் அது சீமெந்தைப் போலவே குளிரும், நனைந்தால் வழுக்கும். வன்னியில் பிறந்தவளுக்கு மரம் என்றால் முதிரையும் பாலையும்தான். எங்கள் வீட்டு நிலைகளும் கதவுகளும் அப்பா தெரிந்தெடுத்த முதிரை. இரண்டு அறைகளுக்கு முதிரைப் பலகை விரிப்பதற்கு எங்கள் வருமானம் இடம் கொடுக்காது என்பதோடு, காட்டு மரத்தை அனுமதிப் பத்திரத்துடன் ஏற்றி இறக்கும் அலைச்சலும் சேர்ந்துகொண்டது. மூங்கிற்பலகை பற்றி அறிந்தது அப்போதுதான். மூங்கில் மரமன்று, புல்லினம். தரைப்பலகைக்குப் பயன்படும் சீன நாட்டு மோசோ மூங்கில் ஐந்து, ஆறு ஆண்டுகளில் வெட்டுப் பருவத்தை அடைகிறது. வெட்டிய பின்னும் அதன் கிழங்கிலிருந்து புதிய தண்டுகள் எழும்புகின்றன. முதிரை ஒன்று முற்றுவதற்கு ஒரு மனித ஆயுள் வேண்டும் என்பதை நினைத்தபோது இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கொழும்பில் மூன்று கடைகளில் மாதிரித் துண்டுகள் வாங்கினேன். கீற்றுகளைப் படுக்கையாக ஒட்டிய பலகை ஒன்று. அதே வகையை நீராவியில் அவித்துப் பழுப்பு நிறமாக்கியது இன்னொன்று. மூங்கிலை நார் நாராகப் பிரித்துப் பிசினில் தோய்த்து, பெரும் அழுத்தத்தில் இறுக்கிய பலகை மூன்றாவது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள் என்பதால், கடைக்காரரின் சொல்லை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க விரும்பினேன். ஒவ்வொரு துண்டின் தடிப்பையும் வேணியர் இடுக்கிமானியால் அளந்து, ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் அமிழ்த்தி வைத்து, மறுபடி அளந்தேன். படுக்கைக் கீற்றுப் பலகை 14.0 மில்லிமீற்றரிலிருந்து 15.1 மில்லிமீற்றருக்கு ஊதி, விளிம்பில் ஒட்டு வாய் பிளந்திருந்தது. இறுக்கிய பலகை 14.4இல் நின்றது. அதைத்தான் ஒரு கடையில் நீர் புகவே புகாத பலகை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். 0.4 மில்லிமீற்றர் என்பது சிறிய அளவுதான், ஆனால் அது பூச்சியம் அன்று; இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்குபவர்கள் பின்னர் பெரிதும் வருந்த நேரிடும்.

பிறகு அம்மாவின் பாக்குவெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து மூன்றின் மேலும் விழவிட்டோம். அவித்துப் பழுப்பாக்கிய துண்டில் நகம் பதியுமளவு பள்ளம் விழுந்தது. இறுக்கிய பலகையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் ஒரு கீறல். இதற்கு முறையான அளவுகோல் ஒன்று உண்டு. 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டைப் பலகைக்குள் பாதியளவு புதைக்க வேண்டிய விசையை அளப்பது ஜன்கா சோதனை. வெள்ளை ஓக் மரத்துக்கு ஏறத்தாழ 1360 இறாத்தல் விசை போதும். சாதாரண மூங்கிற்பலகையும் அதன் அண்டையில்தான் நிற்கிறது. இறுக்கிய மூங்கிலுக்கோ 3000 அளவில் வேண்டும். அவிக்கும்போது மூங்கிலில் உள்ள வெல்லம் கருகி அழகிய தேன் நிறம் வருகிறது, ஆனால் வலிமை குறைகிறது. நிறத்துக்காக அதை எடுக்க நினைத்திருந்த நான் அன்றே மனதை மாற்றிக்கொண்டேன்.

பிசின் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பலகைகளில் பயன்படும் பிசினிலிருந்து போமல்டிகைட்டு ஆவி மெல்ல வெளியேறும். அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு என்பதால், அந்த ஆவி குறைவாகவே வெளியேறும் என்பதைக் காட்டும் ஈ1 தர அடையாளம் பெட்டியில் இல்லாத பலகையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தபோதும் நான் ஒதுக்கிவிட்டேன்.

விறாந்தை, குசினி, குளியலறை ஆகியவற்றைத் தொடவில்லை. தண்ணீர் புழங்கும் இடத்தில் மூங்கில் விரிப்பது வீண் செலவு. நடு அறை 12க்கு 12 அடி, அம்மாவின் அறை 10க்கு 12 அடி, மொத்தம் 264 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் சேர்த்து 290 சதுர அடி என்று கணக்கிட்டேன். 1850 மில்லிமீற்றர் நீளமும் 142 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட ஆறு பலகைகள் ஒரு பெட்டியில் இருக்கும். அது ஏறத்தாழ 17 சதுர அடியை மூடும். 18 பெட்டிகள் வாங்கினோம். ஒரு பெட்டி 24 கிலோகிராம் நிறையுள்ளது. லொறி ஏ9 வீதியால் வந்து இறக்கியபோது, தூக்கிய பிள்ளைகள் இது புல்லென்று சொன்னால் யாரும் நம்பார்கள் என்றார்கள். செலவு நல்ல தரையோட்டுக்கு ஆகியிருக்கக்கூடியதைவிட இரு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது.

ஆனால் பலகை வந்து இறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே உண்மையான வேலை தொடங்கிவிட்டது. வீடு கட்டிய காலத்திலிருந்து எங்களைத் தெரிந்த மேசன் ஐயாவிடம் யோசனை கேட்டபோது அவர் முகம் மாறியது. "ரீச்சர், ஈரம் ஊறுற நிலத்திலை பலகை விரிக்கப் போறியளோ? ரெண்டு மாரி தாங்காது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆகவே ஈரம் எங்கே, எவ்வளவு என்று முதலில் அறிய விரும்பினேன். ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பொலித்தீன் துண்டுகளைத் தரையில் நான்கு இடங்களில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு நாள் முழுவதும் விட்டேன். வைகாசி மாத வெயிலில்கூட அம்மாவின் அறைப் பின்சுவரோரம் இருந்த துண்டின் அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள் நின்றன. அதன் கீழே சீமெந்து கறுத்திருந்தது. மற்ற மூன்றும் காய்ந்திருந்தன. வெளியே போய்ப் பார்த்தபோதுதான் குளியலறைக் கழுவுநீர் வடியும் வாய்க்கால் உடைந்து, அந்தச் சுவரடியிலேயே நீர் தேங்குவதைக் கண்டேன். பத்து ஆண்டுகளாக எல்லாக் குற்றத்தையும் மாரியின் மேலேயே சுமத்தியிருந்தோம்.

வாய்க்காலைத் திருத்தி, சுவரோரத்தில் மண்ணைச் சரிவாக நிரப்பி, ஆறு வாரம் காய விட்டு மீண்டும் சோதித்தபோது நான்கு துண்டுகளும் உலர்ந்திருந்தன. எனினும் மாரியில் ஊறும் நிலத்தடி ஈரம் அப்படியேதான் இருக்கும் என்பதால், தரை முழுவதும் ஈரத்தடுப்பு எபொக்சி இரண்டு பூச்சுப் பூசினோம். அதற்கு முன் கறையானுக்கு வழி அடைக்க வேண்டியிருந்தது. இறுக்கிய மூங்கிலில் பிசின் செறிந்திருந்தாலும் கறையான் அதைத் தீண்டாது என்று எவரும் உறுதி தர முடியாது. சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, மருந்து ஊற்றி அடைத்தோம். மேடாக இருந்த இடங்களைக் கிறைண்டரால் தேய்த்து, பள்ளங்களைச் சமன் கலவையால் நிரப்பினோம். பத்தடி நீள அலுமினியச் சட்டத்தை எந்தத் திசையில் வைத்தாலும் அதன் கீழ் 5 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது என்பது கணக்கு.

ஆவணியில் பலகைகள் வந்தன. மூன்று நாள் அறையில் வைத்தால் போதும் என்று கடையில் சொன்னார்கள். கொழும்பின் ஈரக் காற்றில் கிடந்த பலகை சோளகம் வீசும் வன்னிக்கு வந்து மூன்று நாளில் பழகிவிடுமா என்று எனக்கு ஐயம். பெட்டிகளைத் திறந்து, இடையிடையே மரச்சட்டம் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஒரு பலகையை மட்டும் அடையாளமிட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை மின் தராசில் நிறுத்தேன். முதல் நாள் 4 கிலோகிராமுக்கு 15 கிராம் குறைவு. அது 11ஆம் நாள் வரை குறைந்துகொண்டே போய், மொத்தம் 35 கிராம் இழந்த பிறகே ஒரே அளவில் நின்றது. 14ஆம் நாள்தான் வேலையைத் தொடங்கச் சொன்னேன்.

விரித்தவர் கட்டாரில் நான்கு ஆண்டுகள் தரைப்பலகை வேலை செய்து திரும்பிய ஒரு தச்சுத் தொழிலாளித் தம்பி. "அக்கா, அங்கை ஏசி வீட்டுக்குள்ளைதான் போட்டனாங்கள், இஞ்சத்தைக் காத்துக்கு இது எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது" என்று முதலிலேயே நேர்மையாகச் சொன்னார். அதனாலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. 200 மைக்கிரோன் பொலித்தீனை ஓரங்கள் எட்டு அங்குலம் மேற்படியுமாறு விரித்து, அதன்மேல் மெல்லிய நுரை விரிப்பைப் போட்டு, பலகைகளை ஒன்றுடன் ஒன்று கொளுவி நகர்ந்தார். ஆணியுமில்லை, பசையுமில்லை, தரை முழுவதும் ஒரே பாயாக நிலத்தின்மேல் கிடக்கிறது. அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டுகள் ஒரு அடியாவது விலகி இருக்குமாறும், ஈரக் காற்றில் பலகை விரிய இடமாகச் சுவர் நெடுகிலும் 12 மில்லிமீற்றர் இடைவெளி இருக்குமாறும் பார்த்துக்கொண்டோம். சாதாரண வாளலகு சில வெட்டுகளிலேயே புகைந்து மழுங்கியது. காபைட்டுப் பல் வைத்த அலகு கொண்டுவந்த பிறகே வேலை ஓடியது. அப்பாவின் முதிரை நிலையின் அடியைப் பலகைத் தடிப்புக்கு அரிந்த அரை நாள் மட்டும் நான் அந்த இடத்தில் நிற்கவில்லை.

பிழை நேர்ந்தது இதற்குப் பிறகு. அந்த இடைவெளியை மறைக்கும் சுவரோரச் சட்டம் அடிக்குமுன் பூச்சுத் திருத்த வந்த மேசன் ஐயா, நடு அறையின் கிழக்குச் சுவரடியில் இருந்த அந்த இடைவெளியைக் கண்டு, நான் பாடசாலையில் இருந்த நேரத்தில், அது விடுபட்டுப்போன வேலை என்று எண்ணிச் சீமெந்துச் சாந்தால் அழகாக அடைத்துவிட்டார். இடைவெளியை அடைப்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கற்ற தொழில். அதை விட்டுவைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லாதது என் தவறு. அடுத்த நாள் சட்டம் அதை மறைத்துவிட்டது.

மார்கழியில் ஒரு கிழமை விடாமல் மழை பெய்தது. "பிள்ளை, நடுவிலை கால் தட்டுது, தரை எழும்பி நிக்குது" என்று அம்மா கூப்பிட்டார். அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன். அறையின் நடுவில் 9 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது. கால் வைத்தால் அமுங்கி மீண்டது. அடியில் நீர் புகுந்துவிட்டதென்றே முதலில் அஞ்சினேன். ஆனால் மேற்குச் சுவரோரச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது பொலித்தீன் காய்ந்திருந்தது. பலகை சுவருடன் முட்டிக்கொண்டு நின்றது. கிழக்கே கழற்றினோம், சாந்து வெளிப்பட்டது. கணக்கு எளிது: அகலவாக்கில் ஏறத்தாழ 25 பலகைகள், ஈரக் காற்றில் ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் விரிந்தாலே 12.5 மில்லிமீற்றர். இரு பக்கமும் விட்ட 24 மில்லிமீற்றரில் ஒரு பக்கம் அடைபட்டதால், மற்றப் பக்கம் முழுவதையும் தின்றுவிட்டுத் தரை மேல்நோக்கி எழுந்தது.

மேசன் ஐயா செய்தி கேட்டவுடன் உளியோடு வந்து, பலகையில் ஒரு கீறலும் படாமல் நாள் முழுவதும் இருந்து அந்தச் சாந்தைக் கொத்தி எடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். மேற்குப் பக்கத்தில் தச்சுத் தம்பி 6 மில்லிமீற்றர் அரிந்தெடுத்தார். எழும்பிய இடத்தின்மேல் சிறுபோக நெல்மூட்டைகள் நான்கை அடுக்கினோம். பன்னிரண்டு நாளில் தரை படிந்தது. கொளுவி ஒன்றும் உடையவில்லை. சோளகக் காலத்தில் பலகை மிகவும் வற்றியிருக்கும்போது விரிப்பவர்கள், சட்டம் மறைக்கும் அளவு இடம் தந்தால் 15 மில்லிமீற்றர் விடுவது நல்லது என்பது இப்போது என் எண்ணம்.

பராமரிப்பில் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. பொங்கலுக்கு முதல்நாள் வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் வழக்கம் எங்களுடையது. இப்போது பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. முற்றத்து மணல்தான் பூச்சைக் கீறும் பகை. வாசலில் ஒன்றுக்கு இரண்டு தும்புக் கால்மிதி போட்டிருக்கிறோம். நிறைகுடம் வைக்கும்போது அடியில் ஒரு தட்டம் வைக்கிறோம். வெள்ளம் உள்ளே வரும் தாழ்வான வீடாக இருந்தால் இந்த வேலையில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

அம்மா இப்போது விடியற்காலையில் செருப்பில்லாமல் எழுந்து நடந்து போய்ச் சாமிப்படத்துக்கு விளக்கேற்றுகிறார். அடையாளமிட்ட பலகை மிச்சமாகி, என் மேசைக்கு அருகில் சாய்ந்து நிற்கிறது. மாதம் ஒருமுறை நிறுக்கிறேன். ஆவணியில் 3950 கிராம், மார்கழியில் 4060 கிராம். மற்ற அறைக்குப் பலகை வாங்கும்போது இடைவெளியை இந்த இரண்டு எண்களிலிருந்தே கணக்கிடப் போகிறேன்.