அகுல்: நெபாஹ் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாயா கிராமம்

அகுலின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் மற்ற இஷில் ஊர்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது உடனே உறுத்தும். இஷில் என்பது மத்திய அமெரிக்கப் பழங்குடிகளான மாயா இனங்களில் ஒன்று. தனி மொழி உண்டு. இந்த மக்கள் வழக்கமாகத் தங்கள் மக்காச்சோளக் காட்டை ஒட்டியே வீடு கட்டுவார்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி இருக்கும். அகுலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது, உள்நாட்டுப் போரில் கெரில்லாக்களோடு மோதிக்கொண்டிருந்த குவாத்தமாலா ராணுவம். 1982 ஏப்ரலில் இங்கே வந்த படையினர் ஊர் ஆண்களைத் தனியே பிரித்து நிறுத்திப் பலரைக் கொன்றார்கள். தப்பியவர்கள் மலைக்காடுகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களில் பிடிபட்டவர்களையும் பசி தாளாமல் இறங்கி வந்தவர்களையும் சேர்த்து, 1983இல் நாட்டின் முதல் 'மாதிரி கிராமமாக' அகுலை எழுப்பினார்கள். எந்த வீட்டில் யார் வருகிறார், யார் போகிறார் என்பது தெரிய வேண்டும். தெரு நேராக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் அகுலுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. தெரியாமல் போனால் பச்சைப் பள்ளத்தாக்கும் வண்ணத் துணியும் மட்டும்தான் கண்ணில் படும். தெரிந்து போனால் வாய் தானாகவே அடங்கும். ஐம்பது வயது தாண்டிய எவரும் அந்த நாட்களை நேரில் கண்டவர்களாக இருக்கலாம். போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசியில் பதிவு செய்ய வேண்டாம். உண்மை அறியும் ஆணையம் 1999இல் தந்த அறிக்கையின்படி, 36 ஆண்டுப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கு மேல். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். 1,771 இஷில் மக்களைக் கொன்ற இனப்படுகொலைக் குற்றத்துக்காக முன்னாள் ஆட்சியாளர் ரியோஸ் மோன்ட்டுக்கு 2013 மே 10 அன்று தண்டனை விதிக்கப்பட்டது. பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஊர்க்காரர்களுக்கு இது பழங்கதை இல்லை.

இனி வழி. முதலில் சேர வேண்டிய ஊர் நெபாஹ், சுமார் 1,900 மீட்டர் உயரம். தலைநகரிலிருந்து சாந்தா குரூஸ் தெல் கிச்சே வரை பேருந்து, அங்கிருந்து மைக்ரோபஸ் என்கிற வேன். கிச்சேயிலிருந்து சகாபுலாஸ் வழியாக நெபாஹ் சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். சகாபுலாஸ் ஆற்றங்கரை ஊர், வெயில் அடிக்கும். அதற்குப் பிறகு வண்டி வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே போகும். வாந்தி வருபவர்கள் ஓட்டுநர் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; கடைசி வரிசையில் மாட்டினால் அந்த ஏற்றம் பாடாய்ப் படுத்திவிடும். பை கூரைமேல் போகும், மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போடாவிட்டால் துணியெல்லாம் நனையும். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் பயணம் வேண்டாம். காலையிலேயே கிச்சேயை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

நெபாஹ் சந்தை வியாழனும் ஞாயிறும். அகுலுக்குப் போகும் நாளைச் சந்தை நாளோடு போட்டுக் குழப்பாதீர்கள். சந்தைக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கினால்தான் நிறைவு. பணம் எடுக்கும் இயந்திரம் நெபாஹோடு சரி, அகுலில் எதிர்பார்க்க வேண்டாம். 5, 10, 20 கெட்சால் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நூறு கெட்சாலை நீட்டினால் சில்லறை தேடிக் கடைக்காரர் நாலு வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

நெபாஹிலிருந்து அகுலுக்கு வேனும் போகிறது. ஆனால் கால் வலு உள்ளவர்கள் போகும்போது நடந்து, திரும்பும்போது வேனில் வருவதுதான் சரி. நடுவில் ஒரு மலைமுகடு. நெபாஹ் பக்கம் ஒற்றையடிப் பாதை கொடிபோல் சுற்றி ஏறும், முகட்டைத் தாண்டியதும் அகுல் பள்ளத்தாக்கு கீழே விரியும். நின்று நிதானித்துப் போனால் மூன்று மணி நேரம். காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள், மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கினால் எதிரே எதுவும் தெரியாது. மே முதல் அக்டோபர் வரை மழை. அப்போது ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து: களிமண் வழுக்கும், ஓட்டச் செருப்பு பிடிக்காது. அடிப்பகுதி ஆழமாக வெட்டிய காலணியும் ஊன்றுகோலும் தேவை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இரவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது.

நெபாஹில் இஷில் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பாதை ஓரளவு தெளிவாக இருந்தாலும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். வழி தவறும் என்பதற்காக மட்டும் இல்லை. பெரியவர்கள் பலர் வீட்டில் இஷில்தான் பேசுவார்கள். ஸ்பானிஷ் இரண்டாம் மொழி. உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வந்து வணக்கம் சொன்னால் கதவு திறக்கும் விதமே வேறு.

குழந்தைகள் விஷயத்தில் மிகக் கவனம். தாய் தகப்பனைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், தூக்கிக் கொஞ்சாதீர்கள், மிட்டாய் கொடுக்காதீர்கள். வெளிநாட்டவர் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்ற பயம் இந்த மலைநாட்டில் பலமுறை கிளம்பியிருக்கிறது. 2000 ஏப்ரலில் தோதோஸ் சாந்தோஸ் என்ற இன்னொரு மாயா ஊரில் அந்த வதந்தியால் ஒரு ஜப்பானியப் பயணியும் பேருந்து ஓட்டுநர் ஒருவரும் கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். நம் ஊரில் குழந்தையைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளும் பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். பெரியவர்களைப் படம் எடுப்பதற்கும் கேட்டுவிட்டே எடுங்கள். தலையசைத்து மறுத்தால் அதோடு விட வேண்டும்.

பெண்கள் உடுத்தும் சிவப்புப் பாவாடைக்கு கோர்த்தே என்று பெயர், மேல்சட்டை வீப்பில். வீப்பிலை இடுப்பில் கட்டும் தறியில் நெய்கிறார்கள்: தறியின் ஒரு முனை தூணில், மறுமுனை நெய்பவரின் இடுப்பில், பாவின் இறுக்கத்தை உடம்பு முன்னும் பின்னும் சாய்ந்தே சரிசெய்யும். வேலைப்பாடு மிகுந்த வீப்பில் ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த விலையை அடித்துப் பேசிப் பாதியாக்குவது அநியாயம். கையால் நெய்ததா என்று பார்க்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். பூவேலையின் நூல் துணியோடு சேர்ந்தே நெய்யப்பட்டிருக்க வேண்டும்.

சாப்பாட்டில் தவறவிடக் கூடாதது போஷ்போல். இதற்கு வேண்டியது விஸ்கில் கொடியின் இளம் இலை. விஸ்கில் வேறொன்றும் இல்லை, நம் சௌசௌதான். அதன் தாயகம் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம். நாம் காயோடு நிறுத்திக்கொள்கிறோம், இவர்கள் கொழுந்தையும் விடுவதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்துக் கழுவி அரைத்த மக்காச்சோள மாவை இலையில் மெல்லத் தடவி, விரல் பருமனில் சுருட்டி, பானையில் நெருக்கி அடுக்கி வேகவைப்பார்கள். மாவு தடித்தால் நடுவில் வேகாது. முற்றிய இலை என்றால் நார் வாயில் தங்கும். மேலே வறுத்த பூசணி விதையும் தக்காளியும் மிளகாயும் அரைத்த குழம்பு. சைவர்களுக்கு ஏற்ற உணவு, ஆனாலும் கேட்டே சாப்பிடுங்கள். 'கார்னே வேண்டாம்' என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழியை வைத்துவிடுவார்கள். 'நி கார்னே, நி போயோ, நி மந்தேகா' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மந்தேகா பன்றிக்கொழுப்பு, மசித்த பீன்ஸில் அது ஒளிந்திருக்கும்.

ஊரைக் கடந்து கொஞ்சம் நடந்தால் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் தொடங்கிய மாட்டுப் பண்ணை இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைப் பாணியில் பாலாடைக்கட்டி செய்து விற்கிறார்கள். கன்றின் வயிற்றுச்சாறு கொண்டு உறையவைப்பதை ஏற்காதவர்கள் வாங்குமுன் கேட்டுவிடுங்கள். திரும்பும் வேன் மதியத்துக்குப் பிறகு குறைந்துவிடும். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கடையில் விசாரியுங்கள், அதற்கு முந்தைய வண்டியைப் பிடிக்கத் திட்டமிடுங்கள். கடைசி வண்டி ஆள் சேரவில்லை என்றால் கிளம்பாமலே போகலாம்.