ஹைட்ரோஜெல் ஆய்வும் வைவாவும்: செல் இல்லாத ஜெல்லையும் சோதித்து வையுங்கள்

எலும்புத் திசுப் பொறியியலுக்காக நானோகாம்போசிட் ஹைட்ரோஜெல்லில் (நானோ துகள்கள் கலந்த, நீர் நிறைந்த ஜெல்) ஆய்வு செய்கிறீர்களா? வைவாவுக்கு (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு) முதலில் படிக்க வேண்டியது எலும்பைத்தான். எலும்பே ஒரு நானோகாம்போசிட்: கொலாஜன் இழைகளும் நானோ அளவிலான அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகங்களும் சேர்ந்தது, எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் கனிமம். இது மனதில் பதிந்துவிட்டால், ஜெல்லில் ஏன் அதே வகைக் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட் துகள் சேர்த்தீர்கள் என்ற கேள்விக்குத் திணற வேண்டியிருக்காது.

வலிமை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சாதாரண ஹைட்ரோஜெல்லின் விறைப்பு பெரும்பாலும் கிலோபாஸ்கல் கணக்கில் இருக்கும். கெட்டியான புற எலும்புக்கோ 10 முதல் 20 கிகாபாஸ்கல். துகள் சேர்த்தால் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அளவுக்கு மீறிச் சேர்த்தால் துகள்கள் திரண்டு, ஜெல் அந்த இடத்திலேயே விரிசல் விடும். எனவே உடல் எடையைத் தாங்கும் என்று எழுதாதீர்கள். செல்கள் தங்கிப் பெருக ஈரமான இடம் தருகிறது என்று சொல்லுங்கள், அதுவே பெரிய விஷயம்.

என் வைவாவில் அதிக நேரம் போனது அலிசரின் ரெட் படத்தில்தான். இந்தச் சாயம் கால்சியத்தோடு சேர்ந்து சிவக்கும். செல்கள் கனிமம் படியவைத்தாலும் சிவக்கும், நாம் கலந்த ஹைட்ராக்ஸிஅபடைட்டாலும் சிவக்கும். "இந்தச் சிவப்பு யாருடையது?" என்று தேர்வாளர் கேட்டார். அதே துகள் அளவோடு, செல் விதைக்காமல், அதே ஊடகத்தில் அத்தனை நாளும் வைத்திருந்த ஜெல்லின் படத்தைக் காட்டினேன். அதன் அளவீட்டைக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் செல்களின் பங்கு. கூடவே அல்கலைன் பாஸ்பட்டேஸ் அளவும் இருந்தது. அது செல்லே உண்டாக்கும் நொதி என்பதால் வாதம் உறுதியாக நின்றது. பிந்தைய கட்டத்துக்கு, எலும்புச் செல்கள் உண்டாக்கும் புரதமான ஆஸ்டியோகால்சினும் பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

உறைய வைத்து உலர்த்திய மாதிரியின் நுண்ணோக்கிப் படத்தில் தெரியும் துளைகளுக்கும் இதே கேள்விதான். அவற்றில் பல பனிப்படிகங்கள் விட்டுச்சென்ற தடங்கள். ஈர ஜெல்லின் துளை அளவு என்று அதை எழுதிவிட வேண்டாம்.

அப்புறம், கால்சியத்தால் பிணைத்த ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பாலிமர்) ஜெல்லாக இருந்தால், சிதைவுச் சோதனையை எந்தக் கரைசலில் செய்தீர்கள் என்று கேட்பார்கள். பாஸ்பேட் பஃபர் என்றால் பாஸ்பேட் அயனிகள் பிணைப்பிலுள்ள கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். ஜெல் ஊதித் தளர்ந்துவிடும். பாஸ்பேட் இல்லாத டிரிஸ் பஃபரில், சிறிதளவு கால்சியம் குளோரைடு சேர்த்து, ஒரு தொகுதியை இப்போதே தனியாகப் போட்டு வையுங்கள்.