ஒரு தாலுகாவுக்கு ஒரே குழந்தைகள் நல மருத்துவர்

குழந்தைகள் நல மருத்துவர்கள் போதவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், பட்ட மேற்படிப்பு இடங்களைக் கூட்டுவதைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். இடங்கள் கூடத்தான் வேண்டும். ஆனால் படித்து முடித்து வருகிறவரைத் தாலுகா மருத்துவமனையில் தன்னந்தனி ஆளாக நிறுத்தினால், அவர் அங்கே நெடுநாள் நிலைக்கமாட்டார். நிலைத்தாலும் அந்தப் பகுதிக் குழந்தைகளுக்கு உரிய சிகிச்சை முழுமையாகக் கிடைக்காது. நெல்லைச் சீமையில் இத்தொழிலைச் செய்துவருகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என எந்தத் திசையிலும், குழந்தைக்கு மூச்சு வாங்கினால் வீட்டிலுள்ள ஆச்சியின் வாயில் முதலில் வரும் சொல் 'ஐகிரவுண்டு' என்பதுதான். பாளையங்கோட்டையில் 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைத்தான் அப்படிச் சொல்கிறோம். பிற்பாடு தூத்துக்குடியிலும் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன என்றாலும், மேற்கே மலையடிவாரத்து ஊர்களுக்குப் பாளையங்கோட்டைதான் கதி. தென்காசி 2019இல் தனி மாவட்டமானபோதும் அங்கே தலைமை மருத்துவமனை உண்டே தவிர அரசு மருத்துவக் கல்லூரி இல்லை.

நான் முன்பு பணியாற்றிய தாலுகா மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று இருந்த மருத்துவர் நான் ஒருத்தி மட்டுமே. பகலில் வெளிநோயாளிகள், இடையிடையே பிரசவ அறை, இரவில் தொலைபேசி அழைப்பு என்று நாட்கள் ஓடின. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்வதாக வைத்துக்கொண்டாலும், எந்நேரமும் ஒருவர் இருக்க மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பயிற்சி, முகாம் ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு பேருக்குக் குறையாது. ஒரு பணியிடத்தை நிரப்பிவிட்டு அந்த ஊருக்குக் குழந்தை மருத்துவம் வந்துவிட்டது என்று ஏட்டில் எழுதுவது எனக்குப் பெரும் வருத்தம் தருவது இதனால்தான்.

பிறந்த குழந்தை மூச்சுவிடவில்லை என்றால், முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். வீட்டிலிருந்து மருத்துவர் புறப்பட்டு வரும்வரை அது காத்திருக்காது. டெங்குவில் ஆபத்து வேறு வகையானது. 2012இல் திருநெல்வேலி மாவட்டத்தை அது கடுமையாகத் தாக்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காய்ச்சல் தணிந்து, பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்த ஓரிரு நாளில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நாடி தளரும்; அப்போது மணிக்கு மணி பார்த்து, ஏற்றும் திரவத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்த விழித்திருக்கும் ஆள் வேண்டும்.

பிறப்பு இறப்புகளை மாதிரி எடுத்துக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி 2020இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13. இந்திய அளவில் அது 28. இந்த நிலையை எட்டியதில் கிராமச் செவிலியர்களின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. இனிக் காப்பாற்ற வேண்டிய குழந்தைகளில் பெரும்பாலானவை பிறந்து முதல் 28 நாட்களுக்குள் ஆபத்துக்கு உள்ளாகிறவை. அவற்றில் பல குறைமாதத்தில் பிறந்தவை. 1,200 கிராம் எடையோடு, உடல் சூட்டைக் காக்கும் வார்மரில் கிடக்கும் குழந்தையின் நிறம் மாறுவதையும், பால் செரிக்காமல் வயிறு உப்புவதையும் முதலில் காண்பவர் செவிலியர்தான். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பயிற்சி பெற்றுக் கைதேர்ந்த செவிலியரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டுப் புதியவரை அமர்த்தும் வழக்கத்தை நிறுத்தாமல், மருத்துவரை மட்டும் வலுப்படுத்துவது என்பது ஆகாத காரியம்.

பக்கத்திலேயே சிகிச்சை கிடைப்பது குடும்பத்துக்கு எத்தகைய உதவி என்பதையும் சொல்ல வேண்டும். முக்கூடல், கடையம் பக்கத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் தாய்க்குச் சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. பிள்ளையோடு பாளையங்கோட்டையில் பத்து நாள் தங்கினால் அந்தக் கூலி முழுவதும் போய்விடும்; வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளின் கவலை வேறு.

மருத்துவர்களை இங்கே வரவழைக்க நல்ல வழிகள் இல்லாமல் இல்லை. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தமிழ்நாடு தந்துவந்த 50 விழுக்காட்டு ஒதுக்கீடு இடையில் தடைப்பட்டது. அத்தகைய ஒதுக்கீட்டை அளிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் இருந்து ஊரையும் மக்களையும் அறிந்தவர், குழந்தை மருத்துவம் படித்துத் திரும்புவதற்கு இதைவிடச் சிறந்த பாதை எனக்குத் தெரியவில்லை. மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதியும் இப்போது இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் அவர் காண்பது ஓய்வின்றிக் களைத்துப்போன ஒற்றை மருத்துவரை என்றால், படிப்பு முடிந்தபின் இந்தப் பக்கம் வர எப்படி மனம் துணிவார்? ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் மூவரையோ நால்வரையோ கண்டால், அவரும் வருவார். குடியிருப்பும், கணவன் மனைவி இருவருக்கும் அருகருகே பணியிடமும் கிடைத்தால் நிச்சயம் வருவார்.

செலவில்லாமல் நாளையே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. தாலுகா மருத்துவமனையிலிருந்து ஒரு குழந்தையை மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்து 108 வண்டியில் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். அதன்பின் அங்கே என்ன கண்டறிந்தார்கள், நாம் கொடுத்த முதல் மருந்து சரிதானா, வழியில் குழந்தையின் உடல் குளிர்ந்துபோனதா என்பதெல்லாம் அனுப்பியவருக்குத் தெரியவருவதே அரிது. வேறு மருத்துவர் இல்லாத இடத்தில் இருப்பவருக்குக் கற்றுக்கொள்ள இருக்கும் வழியும் அத்தோடு அடைபட்டுப்போகிறது. மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் இரவும் பகலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும், குழந்தை வீடு திரும்பும் நாளில் அனுப்பிய மருத்துவருக்கும் செவிலியருக்கும் நான்கு வரி எழுதும் வழக்கமும் போதும். துறைத் தலைவர்கள் தாங்களாகவே இதற்கு உத்தரவிடலாம்; யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.