வசனப் பட்டியலில் இல்லாதவர்கள்

சப்டைட்டில் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் 'மசாடா' என் கைக்கு வந்தது. 1981 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நான்கு இரவுகள் ஓடிய குறுந்தொடர், மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல். ரோமத் தளபதி சில்வாவாக பீட்டர் ஓடூல். மசாடா என்ற மலைக்கோட்டையில் இருக்கும் யூதர்களின் தலைவன் எலெயாசாராக பீட்டர் ஸ்ட்ராஸ். எருசலேம் கோயில் எரிந்தபின் கடைசியாக எஞ்சிய அந்தக் கோட்டையை ரோமர் பொ.ஆ. 73 அல்லது 74இல் வளைத்த கதை.

முதல் வாரம் ஒரே ஒரு சொல்லோடு போராடினேன். கோட்டையின் மேற்குப் பக்கம் ரோமர் மண்ணும் கல்லும் கொட்டி ஒரு ஏற்றம் எழுப்புகிறார்கள். முற்றுகைப் பொறியாளராக வரும் ஆண்டனி குவெயில் மூச்சுக்கு மூச்சு அதைப் பற்றித்தான் பேசுகிறார். 'சரிவு' என்று போட்டேன். சரிபார்க்கும் அக்கா படித்துவிட்டு, "தம்பி, 'சரிவு எப்ப முடியும்'னா மலை இடிஞ்சு விழுதுன்னு நினைப்பாங்க" என்றார். 'சாய்தளம்' என்றால் மருத்துவமனை வாசல்தான் நினைவுக்கு வந்தது. கடைசியில் 'மண்மேடு' என்று வைத்தோம். மேடு வளர்கிறது, மேடு மதிலைத் தொடப்போகிறது. வினைச்சொற்களும் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன.

சொல் சரியாக வேண்டும் என்பதற்காகத்தான் ஜோசபஸின் யூதப் போர் வரலாற்றை ஆங்கிலத்தில் வாங்கி வந்தேன். மசாடாவில் நடந்ததை எழுத்தில் விட்டுச்சென்ற பழைய சாட்சி அவர் ஒருவர்தான். அவரும் அங்கே இருந்தவர் அல்ல. யூதப் படைத்தலைவராக இருந்து ரோமரிடம் சரணடைந்தவர். அந்த நூலில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். முகாமுக்கு அருகே ஊற்று கிடையாது. சாப்பாட்டையும் குடிதண்ணீரையும் தொலைவிலிருந்து சுமந்துவந்தவர்கள் யூதர்கள், அந்தச் சுமையில் அவர்கள் மிகவும் துன்பப்பட்டார்கள் என்கிறார். ஒரே வரிதான், அடுத்து கோட்டை எப்படி இருந்தது என்று விவரிக்கப் போய்விடுகிறார்.

நான் ராமநாதபுரத்துக்காரன். கோடையில் அம்மா தள்ளுவண்டியில் ஆறு குடம் வைத்து எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார் என்று இன்றும் வழி சொல்வேன். அதனால் இந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. கோட்டைக்கு உள்ளே தண்ணீர்ப் பஞ்சமே இல்லை. ஏரோது மன்னன் பாறையைக் குடைந்து வெட்டிய பன்னிரண்டு பெரிய தொட்டிகள், மழை வெள்ளத்தை ஓடைகளிலிருந்து திருப்பிவிடும் கால்வாய்கள். எல்லாம் நிரம்பினால் ஏறக்குறைய நான்கு கோடி லிட்டர். தாகம் முழுக்க கீழே, வளைத்து நின்ற படைக்கு. பத்தாம் லீஜியன் என்ற ரோமப் பெரும்படையும் துணைப்படைகளும் எட்டு முகாம்களில், சாக்கடல் ஓரத்து வெயிலில். அந்தத் தாகத்தைத் தணித்தது யாருடைய தோள்? மேலே இருப்பவர்களின் இனத்தாருடையது.

பிறகு படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிப்போனது. மேட்டில் மண் சுமக்கும் அடிமைகள் வரும் காட்சிகளில், எங்களுக்குக் கொடுத்த வசனப் பட்டியலில் 'கூட்டச் சத்தம்' என்று மட்டும் இருக்கும். எங்கள் தொழில் விதிப்படி பின்னணிக் கூச்சலுக்கு எழுத்து போடக்கூடாது. விதியில் நியாயம் உண்டு. பார்ப்பவர் கண் இரண்டு வரிக்குமேல் தாங்காது, முன்னால் பேசுபவரை விட்டுவிடும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அடுத்த வசனத்துக்கு நேரம் குறிக்கும்போது கை கனத்தது. நம் பழைய இலக்கணத்தில் கோட்டையை வளைப்பவனுக்கு உழிஞைப் பூ, காப்பவனுக்கு நொச்சிப் பூ. தண்ணீர் சுமந்தவனுக்குப் பூ இல்லை.

அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எழுத்து போட முடியாது. ஆனா சில்வா பேசுற இடத்துல 'அவர்கள்'னு பொதுவா விட்டிருக்கியே, அதை 'மண் சுமப்பவர்கள்'னு மாத்து. நேரம் இடம் கொடுக்குது" என்றார். ஆறேழு இடங்களில் மாற்றினோம்.

எலெயாசாரின் இறுதிப் பேச்சுக்காக மறுபடி ஜோசபஸைத் திறந்தபோது எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அவர் எழுதிய பேச்சில் எலெயாசார் இந்தியர்களை உதாரணம் காட்டுகிறான்: சாவுக்கு அஞ்சாமல், உறவினரிடம் விடைபெற்று, தாமே தீயில் இறங்கும் ஞானிகள் என்று. அந்தப் பாலைமலைவரை நம் பக்கத்துச் சேதி போயிருந்திருக்கிறது. அந்த உதாரணத்தைப் படித்து எனக்குப் பெருமை வரவில்லை, குளிர்ந்துவிட்டது. ரோமரிடம் பிடிபடாமல் இருக்க, அடுத்த சில மணி நேரத்தில் குடும்பம் குடும்பமாகத் தங்கள் கையாலேயே சாகப்போகிறவர்களுக்கு முன்னால் சொன்னது அது. 960 பேர் என்கிறார் ஜோசபஸ்.

மறுநாள் ரோமர் மதிலேறினால் சண்டையிட யாரும் இல்லை. தொடரில் சில்வா, நாம் ஜெயித்தது நஞ்சுக்கடல் ஓரத்தில் பாலைவனத்து நடுவே ஒரு பாறையை என்ற பொருளில் ஒரு வசனம் சொல்வார். அதற்கு ஒன்பது வடிவம் எழுதினேன். 'சாக்கடல்' என்று வழக்கமான பெயரைப் போடலாமா என்று அக்கா கேட்டார். நஞ்சு இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், விட்டுக்கொடுத்தார்.

அந்தத் தமிழ் எழுத்துகளை யாரும் பார்க்கவில்லை. உரிமை வாங்கும் பேச்சு நடுவில் முறிந்து, வேலை நின்றது. கோப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது.

இன்றும் ஜோசபஸின் அந்தப் பக்கத்தைப் புரட்டுவேன். எல்லோரும் இறந்த கோட்டையில் இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் பிழைத்தார்கள். நிலத்தடியில், குடிதண்ணீர் ஓடும் கால்வாய்க்குள் ஒளிந்திருந்தார்கள். ரோமர் எழுப்பிய கூச்சல் கேட்டு வெளியே வந்து நடந்ததைச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி, எலெயாசாருக்கு உறவுக்காரி, எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாளாம். ரோமர் முதலில் அவளை நம்பவில்லை. அவள் பெயரை ஜோசபஸ் எழுதவில்லை.