நீக்கும் பொத்தான்

மார்ச் 3

காலை 9 மணிக்குப் புகைப்படங்கள் விற்கும் எங்கள் இணையதளத்தைத் திறந்துவிட்டோம். மொத்தம் 412 படங்கள் இருக்கின்றன. அவற்றில் 380 நான் எடுத்தவை.

மார்ச் 4

ஒருவரும் வரவில்லை.

மார்ச் 6

2003-இல் ஷட்டர்ஸ்டாக் என்ற படவிற்பனைத் தளத்தைத் தொடங்கிய ஜான் ஓரிங்கர், தாமே எடுத்த 30,000 படங்களைக் கொண்டு கடையை நிரப்பினார் என்பதை இன்று மட்டும் நாலைந்து முறை நினைத்துக்கொண்டேன். அதில் என்னை உறுத்துவது அவருடைய உழைப்பு அன்று. படம் வேண்டும் என்று தொடக்கத்தில் அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை, யாருடைய நம்பிக்கையையும் சம்பாதிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான். என்னுடைய 380 படங்களில் பாதிக்கு மேல் மேகங்களும் பூட்டுகளும். அவற்றை நம்பி ஒருவரும் பணப்பையைத் திறக்க மாட்டார்கள்.

படம் தரும்படி நான் தனித்தனியாகக் கடிதம் எழுதிய 60 புகைப்படக்காரர்களில் 7 பேர் பதில் அனுப்பியிருக்கிறார்கள். ஆறு பேர் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். ஏழாமவரிடம் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. அவர் வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்: "படம் விற்ற பணம், எனக்கு வந்து சேரும்வரை யாருடைய கணக்கில் இருக்கும்?"

மார்ச் 7

இரவு முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

ஒரு படத்தின் விலை 1 டாலர். அதில் பாதி எடுத்தவருக்கு. சொல்வதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டையில் பணம் வாங்கித் தரும் நிறுவனம் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 2.9 விழுக்காடும், அதற்கு மேல் 30 சென்ட்டும் எடுத்துக்கொள்கிறது. அதாவது 1 டாலர் விற்பனையில் ஏறத்தாழ 33 சென்ட் அங்கேயே போய்விடுகிறது. எடுத்தவருக்கு 50 சென்ட் கொடுத்தபின் எஞ்சும் 17 சென்ட்டில் சர்வர், தேடல், பரிசீலனை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்குபவர் 10 டாலருக்குப் பத்துப் படங்களுக்கான கிரெடிட்டை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிவிட்டால் கட்டணம் 59 சென்ட்தான், படம் ஒன்றுக்கு 6 சென்ட்டுக்கும் குறைவு. மலிவு விலைத் தளங்கள் கிரெடிட்டையும் சந்தாவையும் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இந்த 30 சென்ட் ஒரு பெரிய காரணம்.

கிரெடிட் விற்றால் அது முன்பணம். வாங்கியவர் படத்தை இறக்காதவரை அந்தப் பணம் எவருடையது என்று எவரும் கேட்பதில்லை. பயன்படுத்தாத கிரெடிட் ஓராண்டில் காலாவதியாகட்டும், அது நமக்கு வருமானம்தானே என்றார் கூட்டாளி. அவர் கணக்கு தப்பில்லை. ஆனாலும் நான் குரலை உயர்த்திவிட்டேன், அவரும் உயர்த்தினார்.

முன்பு என் படங்களை விற்றுக்கொடுத்த பழைய ஏஜென்சி ஒன்றில் என் கணக்கில் 98 டாலர் 40 சென்ட் நின்றிருந்தது. 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். சேர்வதற்குள் அவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எழுதிய கடிதங்கள் முகவரி இல்லை என்று திரும்பி வந்தன.

விடியும்போது பதில் எழுதினேன்: விற்பனையான அன்று மாலையே எடுத்தவரின் பங்கு தனி வங்கிக் கணக்குக்குப் போய்விடும், அந்தக் கணக்கிலிருந்து சர்வருக்கோ சம்பளத்துக்கோ எடுக்க மாட்டோம், 5 டாலர் சேர்ந்தால் அனுப்பிவிடுவோம், கணக்கை மூடுபவருக்கு எவ்வளவு இருந்தாலும் அனுப்புவோம். கடைசி வாசகத்தைக் கூட்டாளியிடம் கேட்காமலே சேர்த்தேன்.

மார்ச் 8

பதில் இல்லை.

மார்ச் 11

பரிசீலனை வரிசையில் 96 படங்கள். நூறு விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் ஒவ்வொன்றாக மூலை முதல் மூலை வரை பார்த்ததில் கண்கள் எரிகின்றன. ஈர இலையின் மேல் நகரும் நத்தை ஒன்றின் படம் உண்மையிலேயே அருமையாக இருந்தது. கொம்பின் நுனியில்கூடக் குவியம் பிசகவில்லை. ஆனால் எடுத்தவர் அதற்குத் தேடலுக்கான குறிச்சொற்கள் 50 இட்டிருக்கிறார், அவற்றில் 'வெற்றி', 'வணிகம்', 'குழுப்பணி' ஆகியவையும் அடக்கம். குழுப்பணி என்று தேடுபவருக்கு நத்தையைக் காட்டினால் அவர் மறுபடி வருவாரா?

இன்னொருவர் முதிய பெண்ணொருவரின் கைகளை எடுத்திருந்தார். படத்தில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்திடும் மாடல் ரிலீஸ் படிவத்தையும் ஒழுங்காக இணைத்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் தெரிந்தது, மாடலின் கையெழுத்தும் சாட்சியின் கையெழுத்தும் ஒரே பக்கம் சாய்கின்றன, இரண்டிலும் கடைசி எழுத்து ஒரே மாதிரி வால் நீண்டு கோட்டைத் தாண்டுகிறது. ஆயத்த வாசகத்தை அனுப்பி நிராகரிப்பது எளிது. நான் வேறு தளங்களுக்குப் படம் தரும் பங்களிப்பாளராக இருந்த ஆண்டுகளில் 'ஒளியமைப்பு சரியில்லை' என்ற ஒரே வரியை எத்தனை முறை வாங்கியிருப்பேன், எந்தப் படத்தில் எந்த மூலையில் என்று ஒருமுறையாவது சொல்லியிருப்பார்களா? அரைமணி நேரம் செலவிட்டு, மனம் புண்படாதபடி எழுதி அனுப்பினேன். 'சாட்சி ஊரில் இல்லை, நாளை வேறு படிவம் தருகிறேன்' என்று அவர் உடனே பதில் எழுதியதில் எனக்கே வெட்கமாகப் போயிற்று.

மார்ச் 15

98 டாலர் 40 சென்ட்.

மார்ச் 18

பதினோராயிரம் படக்காரரிடமிருந்து இரண்டாவது கேள்வி வந்திருக்கிறது: "உங்களை யாராவது விலைக்கு வாங்கிவிட்டால்?"

அவர் வரலாறு அறிந்தே கேட்கிறார். 2000-இல் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் இடமாகப் புரூஸ் லிவிங்ஸ்டோன் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோவை 2006-இல் கெட்டி இமேஜஸ் என்ற பெரிய படவிற்பனை நிறுவனம் 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-இல், தங்கள் படங்கள் கூகுள் டிரைவ் பயனர்களுக்கு இலவசமாகப் போய்ச் சேர்ந்ததை அறிந்த பங்களிப்பாளர்கள் பலர், பிப்ரவரி 2-ஆம் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு தங்கள் படங்களைத் தாங்களே நீக்கினார்கள். விற்கப்படாவிட்டாலும் விதி மாறலாம்: 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் படம் எடுத்தவரின் பங்குக்கு 15 முதல் 40 விழுக்காடு வரையிலான படிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் எல்லாரையும் மறுபடி கீழ்ப்படியில் நிறுத்தியது. அந்த லிவிங்ஸ்டோனே 2013-இல் வேறு சிலரோடு சேர்ந்து ஸ்டாக்ஸியைப் படமெடுப்பவர்களே பங்குதாரர்களாக உள்ள கூட்டுறவாகத் தொடங்கினார் என்பதை நான் ஒரு வகை வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

விலை மலிவாக இருப்பதைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. 50 சென்ட் என்றால் 50 சென்ட், அதைத் தெரிந்துதான் வருகிறார்கள். படங்களை ஏற்றி, குறிச்சொல் இட்டு, படிவங்களை இணைத்து மாதக்கணக்கில் உழைத்தபின், ஒரு நாள் காலை மின்னஞ்சலில் அந்த 50 சென்ட் 15 சென்ட்டாகிவிடுமோ என்பதே அவர்களுடைய அச்சம். விற்கவே மாட்டோம் என்று எழுதினால் அது பொய். ஆகவே, பங்கு விகிதத்தை மாற்றுவதாக இருந்தால் 90 நாட்களுக்கு முன்பே சொல்வோம், எங்களை வாங்குபவரையும் அந்த விதி கட்டுப்படுத்தும், எந்த நாளிலும் எந்தப் படத்தையும் எங்களைக் கேட்காமலே நீக்கிக்கொள்ளலாம் என்று எழுதினேன். ஏற்கெனவே வாங்கப்பட்ட உரிமங்கள் மட்டும் செல்லும். ஒருமுறை பணம் கொடுத்துப் பலமுறை பயன்படுத்திக்கொள்ளும் ராயல்டி ஃப்ரீ உரிமம் பெற்றவரிடம் போய்ப் படத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

மார்ச் 24

எழுதிய மை காயவில்லை, அதற்குள் மானம் போயிற்று.

ஒரு பெண்மணி நேற்று மாலை தம் 312 படங்களையும் நீக்கியிருக்கிறார். தரவுத்தளத்தில் அந்த நொடியே நீங்கிவிட்டன. ஆனால் தேடல் அட்டவணை இரவு 2 மணிக்குத்தான் புதுப்பிக்கப்படுகிறது, தம்ப்நெயில்கள் என்ற சிறு முன்னோட்டப் படங்கள் இடைச்சேமிப்பில் தற்காலிக நகல்களாக 24 மணி நேரம் இருக்கும்படி அமைத்திருக்கிறோம். அதனால் நீக்கிய பிறகும் மணிக்கணக்கில் அவருடைய படங்கள் தேடலில் வந்துகொண்டிருந்தன, அவற்றின் கீழே 'வாங்குக' என்ற பொத்தானும் இருந்திருக்கிறது. அழுத்தினால் பிழைச்செய்தி வந்திருக்கும், எவரும் வாங்கியிருக்க முடியாது. அதை அவர் எப்படி அறிவார்? 'நீக்கினாலும் நீங்காது' என்று திரைப்பிடிப்போடு எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டார்.

நடந்ததை மணிவாரியாக அவருக்கு எழுதினேன். இடைச்சேமிப்பு என்ற சொல்லை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தினேன். நிரல் எழுதுபவர் தூங்கவில்லை.

மார்ச் 25

மன்னிப்பு கேட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார் கூட்டாளி. தவறுதானே?

மார்ச் 26

இப்போது நீக்கினால் 4 நிமிடங்களில் எல்லா இடத்திலும் போய்விடுகிறது. என் மேகங்களில் ஐம்பதை நீக்கிச் சோதித்தேன். எந்த வருத்தமும் இல்லை.

மார்ச் 29

நத்தை விற்றுவிட்டது!

ஏப்ரல் 2

பதினோராயிரம் படக்காரரின் மூன்றாவது கேள்வி: "என் படங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிப்பீர்களா?" 2023-இல் அடோபி, படம் உருவாக்கும் தன் செயற்கை நுண்ணறிவான ஃபயர்ஃபிளையை, தன் படவிற்பனைத் தளமான அடோபி ஸ்டாக்கின் படங்களைக் கொண்டு பயிற்றுவித்து, பங்களிப்பாளர்களுக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தது, அப்படியிருந்தும், முன்கூட்டியே கேட்டார்களா என்ற மனத்தாங்கல் பலரிடம் தீரவில்லை. முதலில் கேட்போம், சம்மதம் என்று குறிக்காதவரின் படத்தைத் தொட மாட்டோம், இயல்புநிலை 'வேண்டாம்' என்பதுதான் என்று எழுதினேன். கூட்டாளி இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 6

பத்துப் படங்கள் ஏற்றியிருக்கிறார்! பத்தே பத்துதான், ஆனால் அவரேதான். காலிப் பேருந்து இருக்கையில் விடப்பட்ட ஒற்றைக் கையுறை. அதன் தையல் பிரிந்த இடத்தில் ஒரு நூலிழை நிமிர்ந்து நிற்கிறது, பின்னாலுள்ள கண்ணாடியில் எழுத்தோ முத்திரையோ எதுவும் தெரியாதபடி அதைக் குவியத்துக்கு வெளியே விட்டிருக்கிறார். குறிச்சொற்கள் பதினாறு, ஒன்றுகூட மிகையில்லை. நிராகரிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஏப்ரல் 11

கையுறை மூன்று முறை விற்றிருக்கிறது. அவர் கணக்கில் 1 டாலர் 50 சென்ட்.

ஏப்ரல் 13

இரவு 11.20-க்குப் பத்தையும் நீக்கிவிட்டார். 11.24-க்கு எங்கும் இல்லை. 11.26-க்குக் கணக்கை மூடும்படி கோரிக்கை வந்தது.

அந்த 1 டாலர் 50 சென்ட்டை அனுப்புவதற்கான வங்கிக் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. கூட்டாளி அந்தக் கட்டணத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார், பிறகு தாமே அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 16

வரிசையில் 63 படங்கள். படிவம் மாற்றித் தந்தவர் கைகளை மறுபடி அனுப்பியிருக்கிறார், இம்முறை சாட்சியின் எழுத்து நேராக இருக்கிறது. 312 படங்களை நீக்கிய பெண்மணி என் கடிதத்தைத் தம் பதிவின் கீழே முழுதாக ஒட்டியிருக்கிறார்; புகழவும் இல்லை, வையவும் இல்லை.

ஏப்ரல் 17

"வந்தது" என்று ஒரே சொல் எழுதியிருக்கிறார் கையுறைக்காரர்.

ஏப்ரல் 19

அதிகாலை 3.40. பதிவேட்டில் புதிய பயனர் ஒருவர். மின்னஞ்சல் முகவரி அவருடையது. பங்களிப்பாளர் ஒப்பந்தத்தைத் திறந்து இருபது நிமிடம் வைத்திருந்தார். இப்போது வரிப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் நிற்கிறார்.