நொய்யலின் உப்பு எங்கே போனது?

வருமானம் உயரத் தொடங்கும்போது மாசு பெருகும், ஓரளவு செழிப்பு வந்தபின் தானாகவே குறையும் என்றொரு கருத்து பொருளியலில் உண்டு. 1955-இல் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றிச் சொன்ன, ஏறிப் பின் இறங்கும் வளைகோட்டை 1990-களில் சுற்றுச்சூழலுக்கும் பொருத்தினார்கள். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருப்பூர்தான் நினைவுக்கு வருகிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். ஏறி முடிந்ததும் அந்த உப்பு கழிவுநீரோடு போய்விடுகிறது. பனியன் ஏற்றுமதி பெருகிய ஆண்டுகளில் சாயப்பட்டறைகள் விட்ட நீர் நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகவே ஆக்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளும் உப்பேறின. அந்நியச் செலாவணி வந்து குவிந்தும் கோடு கீழே இறங்கவில்லை. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரிக்கும் முறை அங்கே காலூன்றியது.

அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதே அடுத்த சிக்கல். சாய இயந்திரத்துக்கு வாங்கிய கடனை அந்த இயந்திரமே உழைத்து அடைக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வாங்கிய கடனோ, மீட்ட நீரும் உப்பும் ஓரளவு மிச்சம் தந்தாலும், பெரும்பாலும் தொழிலைத் தொடரும் அனுமதியை மட்டுமே தருகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சாயமிடும் சிறு பட்டறைகள் இதைத் தாங்கவில்லை. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் அந்தச் சட்டையை வாங்குபவரின் ரசீதில் இந்தச் செலவு தனியாகக் குறிக்கப்படுவதில்லை.

பணத்தைப் போலவே எரிபொருளும் கரைகிறது. சவ்வு வழியே நீரை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரங்கள் நல்ல நீரைப் பிரித்தபின் எஞ்சும் அடர்ந்த உப்புநீரை நீராவியால் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அந்த நீராவிக்காகக் கொதிகலனில் விறகும் நிலக்கரியும் எரிகின்றன. ஆற்றைக் காப்பாற்றியதன் விலையில் ஒரு பங்கைக் காற்று கொடுக்கிறது என்று நான் சொன்னால் சாயத்தொழில் நண்பர்களுக்குக் கோபம் வரக்கூடும். ஆற்றிலேயே விட்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சுமையும் கணக்கில் ஏற வேண்டும் என்கிறேன். காய்ச்சிய பின்னும் பிரித்தெடுத்துப் பயன்படுத்த முடியாத கலவை உப்பு எஞ்சுகிறது. அது மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களின் வளாகத்திலேயே அடுக்கப்படுகிறது.