அப்பாவுக்கு மூன்று ஸ்பெல்லிங்

நாங்கள் மூன்று பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள்தான் என்று போன மாதம் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டியதாகிவிட்டது. சிரிக்காதீர்கள். அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கும் அந்தச் சின்ன ஃபிளாட் வீட்டைப் பெயர் மாற்றிவிடலாம் என்று அண்ணனும் நானும் எல்லாருடைய சூராட் பிராணாக்கையும், அதாவது பிறப்புப் பத்திரத்தையும், ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். கவுண்டரில் இருந்த பெண் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள், திரும்ப ஒருமுறை பார்த்தாள், அப்புறம் மலாயில் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்: இது மூன்று ஆளா, ஒரே ஆளா?

அண்ணனுடைய பத்திரத்தில் அப்பா பெயர் எல், ஈ, டி, சி, எச் என்று ஆரம்பிக்கும். லெட்சுமணன். அப்பாவின் ஐசியிலும், அடையாள அட்டையிலும் அதேதான். அக்காவுடையதில் ஈ இருந்த இடத்தில் ஏ, நடுவில் ஓர் எழுத்தைக் காணோம், லாட்ச்மணன் என்று வேண்டுமானால் வாசிக்கலாம். என்னுடையதில் எல், ஏ, கே, எஸ், எச். லக்ஷ்மணன். மெல்பர்னில் இருக்கும் அக்காவுக்கு வேறு வேடிக்கை. அங்கே எல்லா ஃபாரத்திலும் குடும்பப் பெயர் கேட்பார்கள், நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் தள்ளுவோம். ஆக அக்கா இருபது வருஷமாக அங்கே மிஸஸ் லாட்ச்மணன், வீட்டுக்காரர் பெயர் அதுவே இல்லை.

மலேசியாவில் நமக்கு இனிஷியலும் கிடையாது. அன்பு அ/லெ லெட்சுமணன், அதாவது அனாக் லெலாகி, இன்னாருடைய மகன். பெண் என்றால் அனாக் பெரம்புவான். ரோமன் எழுத்தில் ஏ, ஒரு சாய்ந்த கோடு, எல். இந்தச் சாய்ந்த கோட்டை விமானக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. கோட்டை முழுங்கிவிட்டு ஏயையும் எல்லையும் ஒட்டிவைத்துவிடும். அண்ணன் ஒருமுறை துபாய் வழியாகப் போனபோது டிக்கெட்டில் 'அல் லெட்சுமணன்' என்று ஏதோ அரபு ஷேக் மாதிரி இருந்ததாம். ஐசி எண்ணில் நடுவில் வரும் 07-ஐப் பார்த்தால் பினாங்கில் பிறந்தவன் என்று தெரியும், பெயரைப் பார்த்தால் இப்படி.

சரி, மூன்று ஸ்பெல்லிங் எப்படி வந்தது? அண்ணனும் அக்காவும் பத்து காவான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். இப்போது அந்தப் பக்கம் முழுக்கத் தொழிற்சாலை, 2014-ல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம் அங்கிருந்துதான் பினாங்குத் தீவுக்குப் போகிறது, கித்தா (ரப்பர்) மரம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தகவல் சொல்வது ஒருவர், எழுதுவது இன்னொருவர். அண்ணன் பிறந்தபோது பாட்டிதான் ஆபீசுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். எழுதியவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி, தோட்டத்து குமாஸ்தா. பாட்டி 'லெச்சுமணன்' என்றாள், அவர் காதில் விழுந்ததை எழுதினார். அக்கா பிறந்தபோது கிராணி மாறிவிட்டார், இவர் மலையாளி, அவர் காது வேறு. நான் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அங்கே ஃபாரம் நிரப்பியவர் நன்றாகப் படித்த தமிழராம், அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு "அப்படியெல்லாம் பேர் இல்லைம்மா" என்று திருத்தி எழுதிக்கொடுத்தாராம். அம்மா இதை இன்றைக்கும் அவர் குரலிலேயே சொல்வார்.

தாத்தா பாட்டியைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டும். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். கங்காணி என்கிற ஆள் சேர்க்கும் மேஸ்திரி வழியாக ஆள் அனுப்புவதை 1938-ல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது, இவர் அதற்கு முந்தின வருஷமே வந்துவிட்டார் என்பது பாட்டி கணக்கு. பாட்டிக்குக் கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசிதான். 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டன. பாட்டி அதற்குள் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள், அதனால் தப்பித்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு. ஆனால் அவள் கூப்பிட்டால், "ஏ லெச்சுமணா, பசியாற வாடா" என்று, நாலு லயம் தாண்டிக் கேட்குமாம்.

எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு பெருமை இருந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று பேரில் என் பத்திரம்தான் சுத்தம் என்று. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் என் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு "உங்க வீட்ல படிச்சவங்களா?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அண்ணனைக் கேலி செய்வேன், தோட்டத்து ஸ்பெல்லிங் என்று.

சில வருஷம் முன்னால் அண்ணனும் நானும் சென்னைக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போனோம். தி.நகர் விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கிய பையன் அண்ணனுடையதைத் திறந்ததுமே, அட்டையைக்கூடப் பார்க்காமல், "மலேசியாவா சார்?" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டோம். "இந்த டி, சி, எச் போட்டு லெட்சுமணன் எழுதுறவங்க எல்லாரும் அங்கேர்ந்துதான் சார் வர்றாங்க, லெட்சுமிக்கும் அப்படித்தான் போடுறாங்க." என்னுடையதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கே, எஸ், எச், அவன் தெருவில் நாலு பேருக்கு இருக்கும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பாவை உயிரோடு இருந்த வரைக்கும் ஒருத்தர்கூட லக்ஷ்மணன் என்று கூப்பிட்டதில்லை. பாட்டியின் வாயிலிருந்து வந்த சத்தம் அப்படியே அண்ணனுடைய பத்திரத்தில் இருக்கிறது. அவளுக்கு போட்டோவே ஒன்றுதான், குரல் பதிவு எதுவும் கிடையாது.

சத்தியப் பத்திரம் எழுதியது கடைத்தெருவில், மாடியில் இருக்கும் ஒரு சீன அங்கிளிடம். கீழே பாட்டுக்கடை ஸ்பீக்கர் அலறியதில் அவர் கேட்டது எங்களுக்குக் கேட்கவில்லை, நாங்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "பாப்பா சத்து, நாமா தீகா?" அப்பா ஒன்று, பேர் மூன்றா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அவர்கள் கதையும் இதுதானாம். ஒரே சீன எழுத்து, ஹொக்கியன்காரன் வீட்டில் டான், கன்டோனிஸ்காரன் வீட்டில் சான். மூன்று ஸ்பெல்லிங்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் அடித்து, நடுநடுவே 'என்கிற' என்று சொல்ல அந்த ஈமெயிலில் வருகிற @ குறியைப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அக்காவுக்கு மெல்பர்னிலேயே ஒரு பத்திரம், தனியாக.

வேலை முடிந்தது. அப்புறம்தான் முதலாண்டு நினைவஞ்சலி விளம்பரம். பத்திரிகைக்குக் கொடுக்க வடிவமைக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பினார், அப்பா படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'இலட்சுமணன்'. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது யாரு? முன்னால ஒரு 'இ' நிக்குது?"

மாற்றச் சொல்லி எழுதினேன். லெட்சுமணன் என்று போடுங்கள்.

"அக்கா, இலக்கணப்படி தமிழ்ல 'ல' முதல்ல வராதுங்க. அதோட 'லெ'ங்கிறது பேச்சு வழக்கு. நான் போட்டதுதான் சரி."

"தெரியும் தம்பி. லெட்சுமணன்னே போடுங்க."